மாடிக் கடையில் எடுத்த மதர்போர்டு

புதன்கிழமை காலையில் என் மகனுடைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. நான் குசினியில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அதுவரை அவன் அறையிலிருந்து உய்யென்று வந்துகொண்டிருந்த சத்தம் அறுந்தது. கரண்டு போய்விட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கத்தினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவன் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். இரும்பு ஏணியில் கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. தகடு வைத்து முறுக்கி அனுப்பினார்கள். சமதரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். படி ஏற முடியாது. ஏணி ஏற முடியாதவனைக் கப்பலில் யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு வந்து வெகுநாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். சோற்றை வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். கடற்கரையில் மீன் ஏலத்தில் இத்தனை வருஷம் நின்று குரல் கொடுத்த எனக்கு, என் வீட்டுக்குள் பேசுவதற்கு ஆளில்லாமல் போனது.

பிறகு அவனாகவே எழுந்தான். போனில் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் படம் செய்யக் கற்றுக்கொண்டான். கேமரா கிடையாது, ஆள் கிடையாது. குழாய், வால்வு, ஏணி, எல்லாவற்றையும் அவனே வரைந்து நிறுத்துவான். பார்த்தால் நிஜக் கப்பல் மாதிரியே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வெளியூர்க் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. கப்பலில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடப் படம் செய்கிறவர்கள் அவர்கள். என்ஜின் ரூமில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு படம் செய்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பு, பிடித்திருந்தால் வீட்டில் இருந்தபடியே வேலை, நாள் தவறினால் நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவன் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. இனி மெஷின் செய்ய வேண்டியதுதான். அவன் நிறுத்திவைத்த தீயையும் புகையையும் அது ஒவ்வொரு படமாக வரைந்து தள்ள வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். அதுதான் நாள் கணக்கில் ஓடும். பாதி ஓடி முடித்திருந்தபோதுதான் நின்றுபோனது.

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

"என்னலே ஆச்சு?"

"மதர்போர்டு போச்சு. இங்கன பாரு."

பார்த்தேன். பச்சையாக ஒரு பெரிய தட்டு. அதன் ஓரத்தில் களிம்பு பூத்திருந்தது. பெட்டி சூடாகிறது என்று கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் அதை வைத்திருந்தான். நல்ல காற்று வரும் இடம். அந்தக் காற்றிலேயே உப்பும் வந்து தின்றிருக்கிறது. கடற்கரையில் பிறந்தவன், வீட்டுக் கதவின் கீல் வருஷத்துக்கு ஒன்றாக இற்றுப்போவதைப் பார்த்தவன். காற்று வேண்டும் என்ற நினைப்பில் அதை மறந்துவிட்டான்.

"கடையில வேற ஒண்ணு வாங்கிப் போட்டா ஓடாதா?"

"ஓடும். வெள்ளிக்கெழமைக்குள்ள முடியாது."

பிறகு விளக்கிச் சொன்னான். பிராசஸர் என்று ஒரு சில்லு, அதுதான் கணக்குப் போடுகிற மூளை. அது நன்றாக இருக்கிறது. செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே அதை முடுக்கி ஓட்டலாம். ஓவர்கிளாக் என்று சொல்கிறார்கள். அவன் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் எல்லா போர்டும் அதற்கு இடம் கொடுக்காது. இடம் கொடுக்கிற போர்டும், கூடுதலாக ஏறுகிற கரண்டின் சூட்டைத் தாங்க வேண்டும். தாங்காத போர்டில் முடுக்கினால் சில்லும் சேர்ந்து போகும்.

எனக்கு இது புதிதில்லை. என் வீட்டுக்காரர் வள்ளத்து என்ஜினில் கம்பெனி வைத்த முத்திரையை உடைத்து, வேகத் திருகைக் கூட்டி ஓட்டியவர். எல்லா வள்ளத்துக்கும் முன்னால் கரைக்கு வருவார். ஒரு நாள் நடுக்கடலில் என்ஜின் வெடித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"அப்பம் எடுத்தா தாங்குதத எடுக்கணும்," என்றேன்.

"ஆமா. ஆனா கட மாடியில இருக்கு."

அவன் தலை குனிந்துகொண்டான். நான் சேலை மாற்றப் போனேன்.

போகும்போது ஒரு போர்டின் பேரும், அது இல்லாவிட்டால் பார்க்க இரண்டு அடையாளமும் சொல்லி அனுப்பினான். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் தெரியும். வள்ளத்தின் முகப்பில் எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்து எந்த வள்ளம் கரைக்கு வருகிறது என்று தூரத்திலேயே சொல்லத் தெரியாவிட்டால் ஏலத்தில் எப்படி நிற்பது? அட்டைப் பெட்டியில் முதல் எழுத்து இசட் இருக்க வேண்டும், அதுதான் வேகம் கூட்ட விடும். பி என்று இருந்தால் விடாது. கடைசியில் டி நாலு என்று இருக்க வேண்டும், அப்போதுதான் அவனிடம் இருக்கிற ரேம் அதில் பொருந்தும். இவ்வளவுதான்.

ஆட்டோவில் பஜாருக்குப் போனேன். கடைப் படி செங்குத்து. பிடித்துப் பிடித்து ஏறினேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்ற ஒரு விடலை என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன பாட்டி, கேம் ஆடப் போறியளா?"

"ஆமாடே. ஒரு ஆளு கொறையுது. வாரியா?"

கடை அண்ணாச்சி சிரித்துவிட்டார். நடுவயது, நெற்றியில் சந்தனம் காயாமல் இருந்தது. மகன் சொன்ன போர்டின் பேரை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அது இல்லையே ஆச்சி. மெட்ராசுல இருந்து வரணும். சனிக்கெழம ஆவும்."

"சனிக்கெழம எனக்கு வேண்டாம். இசட்டுல வேற என்ன வச்சிருக்கிய? கடைசியில டி நாலு இருக்கணும்."

அவர் என்னை மறுபடி ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் இரண்டு பெட்டி கொண்டுவந்து வைத்தார். நான் எழுத்தைப் பார்த்தேன். ஒன்று பி. இன்னொன்று இசட், கடைசியில் டி நாலும் இருந்தது.

"இசட்டுல இது ஒண்ணுதான் கெடக்கு. ஊரு முழுக்கத் தேடினாலும் இன்னிக்கு வேற கெடைக்காது," என்றார்.

"தாங்குமா?"

"பாருங்க." வெளியே எடுத்தார். கறுப்புத் தட்டு. சில்லு உட்காருகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கனமான இரும்புக்கட்டி மாதிரி வரிவரியாக ஏதோ இருந்தது. "இது அலுமினியம். கரண்டு ஏறுத எடத்துச் சூட்ட இதுதான் வாங்கி வெளிய விடும். அந்த பி போர்டுல பாருங்க, இந்தப் பக்கம் மொட்டையா இருக்கு." கையில் வாங்கிப் பார்த்தேன். கனம் இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

சில்லு உட்காருகிற இடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியையும் அவர் கழற்றிக் காட்டினார். "புதுசுதான், பிரிச்ச மாலு இல்ல" என்று காட்டுவதற்காகத்தான் கழற்றினார். உள்ளே தங்க நிறத்தில் நுணுக்கமாக, மீன் செதிலைத் தடவினாற்போல ஒரு மினுக்கம். என்ன பொருளை வாங்கினாலும் என் பெருவிரல் என்னைக் கேட்காது. மீனை அமுக்கிப் பார்த்து, பள்ளம் விழுந்தால் பழசு, எழும்பி வந்தால் புதுசு என்று பார்த்த விரல். அந்த மினுக்கத்தின் ஓரத்தில் ஒரு அமுக்கு அமுக்கினேன்.

"ஆச்சி!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அந்த விடலை காதிலிருந்ததைக் கழற்றினான்.

விரலை எடுத்தேன். அது எழும்பி வரவில்லை. மினுக்கம் அந்த மூலையில் மட்டும் கலைந்துகிடந்தது.

அண்ணாச்சி ஒரு லென்சை எடுத்துப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "கம்பி வளைஞ்சிட்டு. மயிரு கனம்தான் இருக்கும் ஒவ்வொண்ணும். சில்லு அடியில இதுதான் போய் முட்டணும். ஒண்ணு முட்டலைன்னாலும் ஒண்ணு முட்டக்கூடாத எடத்துல முட்டினாலும் தீந்துது."

"நிமுத்த முடியாதா?"

"நிமுத்தலாம். ஒடிஞ்சா அவ்வளவுதான். நான் கை வைக்க மாட்டேன். கம்பெனிக்காரன் திரும்ப எடுக்கவும் மாட்டான்." லென்சைக் கீழே வைத்தார். அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "தெரியாமச் செஞ்சிட்டிய. போட்டும். நீங்க பி போர்ட எடுத்துக்கிடுங்க. மெதுவா ஓடும், ஆனா ஒழுங்கா ஓடும். இத நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல மனுஷன். ஆனால் அவர் இரக்கப்பட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் கரையில் ஏலத்துக்கு முன்னால் கூடைக்குள் கைவிட்டு மீனின் வயிறு உடைந்தால், உடைத்தவள் அந்தக் கூடையைத் தூக்கியாக வேண்டும். யாரும் சொல்லக்கூடத் தேவையில்லை. அப்படித் தூக்காமல் நழுவியவளுக்கு மறுநாள் ஏலத்தில் குரல் எடுபடாது.

மகனுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

"எத்தன கம்பிம்மா?"

"ஒரு மூலையில. எண்ணத் தெரியல."

பிறகு, "பி போர்டையே எடுத்துக்கிட்டு வா," என்றான்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள முடியுமா?"

"முடியாது. பரவால்ல."

அந்தப் பரவாயில்லையை நான் முன்பு கேட்டிருக்கிறேன். கப்பல் கம்பெனியிலிருந்து இனி வர வேண்டாம் என்று கடிதம் வந்த அன்றைக்கு இதே குரலில் சொல்லிவிட்டுத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

நான் நின்றேன். மெதுவாக ஓடுகிற போர்டு வீட்டுக்கு வந்தால் அவன் தோற்றது நிச்சயம். வளைந்த போர்டு வந்தால் தோற்கலாம், தோற்காமலும் போகலாம். கம்பி ஒடிந்து, சில்லும் சேர்ந்து போனால்? பிறகு அவனிடம் ஒன்றுமே மிஞ்சாது. வீட்டுக்காரர் திருகைக் கூட்டும்போதெல்லாம் நான் வேண்டாம் என்று சண்டை பிடித்தவள். இன்றைக்கு அந்த இடத்தில் நானே நிற்கிறேன்.

"அண்ணாச்சி, வளைஞ்சதையே கெட்டுங்க."

"ஆச்சி, ஒங்க மவன் அது வேண்டாம்னுதானே சொன்னாவ?"

"அவன் சொன்னான். ஒடச்சது நானு."

அண்ணாச்சி அந்த லென்சையும் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். "திருப்பிக் கொண்டாந்து தாங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேசையில் வைத்தேன். அவன் எழுத்தைப் பார்த்தான். முகம் கறுத்தது.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன கொண்டாந்திருக்க?"

"நிமுத்து."

"வெளையாட்டா இருக்கா ஒனக்கு? இதுல சில்ல வச்சு கரண்டக் குடுத்து எங்கயாவது தப்பா முட்டிச்சுன்னா எல்லாம் போயிரும். தெரியுமா?"

"தெரியும். அந்த அண்ணாச்சி சொன்னாவ."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"ஏலே, கப்பல்ல ஒனக்கு எல்லாத்தையும் புதுசாவா எடுத்துக் குடுத்தான்? கடலுக்கு நடுவுல பம்பு நின்னா, மெட்ராசுல இருந்து வரட்டும்னு உக்காந்தா இருந்த?"

அவன் என்னை முறைத்தான். நானும் கண்ணை எடுக்கவில்லை. பெற்றவள் என்பதால் விட்டுக்கொடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கடைசியில் அவன்தான் கையை நீட்டினான். "ஊசி கொண்டா. சின்னது."

ஜன்னலைச் சாத்தினோம். விசிறியை நிறுத்தினோம். ஒரு கையில் லென்சும் மறு கையில் போன் வெளிச்சமும் பிடித்துக்கொண்டு நான் நிற்க, அவன் ஊசி முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டான். லென்ஸ் வழியாகப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. வரிசையாக நின்ற நாற்றின் மேல் மாடு மிதித்த மாதிரி கிடந்தது. வியர்வை புருவத்திலிருந்து அவன் இமைக்கு இறங்கியது. துடைக்க எனக்குக் கையில்லை.

"கை ஆடுதும்மா."

"ஒங் கை ஆடுது. எங் கை ஆடல."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஊசி நேரானது. வெளியே தெருவில் ஐஸ் வண்டி குலுங்கிப் போன சத்தத்துக்குக்கூட நாங்கள் மூச்சுவிடவில்லை. ஒரு கம்பி மட்டும் நிமிரும்போது ஒடிந்துவிட்டது. நுனி எங்கே போனது என்று தெரியவில்லை. போர்டைக் கவிழ்த்துத் தட்டினான். வெள்ளைத் துணியில் தூசி மாதிரி ஒரு பொட்டுத் தங்கம் விழுந்தது. அதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி மாதா விட்ட வழி," என்று சில்லை வைத்துக் கொக்கியை அழுத்தினான். நறநறவென்று ஒரு சத்தம். "அது அப்பிடித்தான் வரும்," என்றான், எனக்கா அவனுக்கா தெரியவில்லை.

பட்டனை அமுக்கினான். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. நிறுத்தி மறுபடி போட்டான். கறுப்பு. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவன் ரேம் துண்டுகளை உருவி இடம் மாற்றி மாற்றிச் செருகினான். நாலு குழி உண்டு அதற்கு. இரண்டு குழியில் எப்படிச் செருகினாலும் கறுப்புதான். மற்ற இரண்டில் செருகியதும் திரையில் எழுத்து வந்தது.

"ஒடிஞ்ச கம்பி அந்த ரெண்டு குழிக்கும் போறது. அது செத்துட்டு. மிச்சம் உயிரோட இருக்கு," என்றான்.

"போதுமா?"

"பாப்போம்."

வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தான். ஒரு படி கூட்டுவான், சோதனை ஓட்டுவான், சூடு எவ்வளவு என்று திரையில் பார்ப்பான், அந்த அலுமினியக் கட்டியின் மேல் விரலை வைத்துப் பார்ப்பான். பிறகு இன்னொரு படி. பழைய போர்டில் ஓட்டிய வேகத்துக்கு வந்ததும் திரை நீலமாகி அப்படியே உறைந்தது. மறுபடி ஏற்றினான். மறுபடி நீலம்.

"ஒரு படி கொற," என்றேன்.

"கொறச்சா நேரத்துக்கு முடியாது."

"நின்னு போனா மட்டும் முடியுமா?"

ஒரு படி குறைத்தான். நீலம் வரவில்லை. அவன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, அதைக் கசக்கி எறிந்தான். "வெள்ளிக்கெழமை சாயங்காலம் முடிஞ்சாலும் முடியும். எடையில ஒரு தடவகூட நிக்கக்கூடாது," என்றான். ரெண்டரிங் ஓடத் தொடங்கியது.

வியாழக்கிழமை அந்த அறைக்குள் உட்கார முடியவில்லை. உப்புக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவில்லை. அறை அடுப்பாகக் காய்ந்தது. அறை காயக் காய மெஷினும் சூடேறியது. மத்தியானம் திரையில் சூட்டின் நம்பர் சிவப்பாகிவிட்டது. இதற்கு மேல் போனால் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றான். நான் திரேஸ்புரம் மீன்பிடிக் கரைக்குப் போய், மீனுக்கு வாங்குகிற மாதிரி ஐஸ் வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

"ஈரம் ஆகாது!" என்று கத்தினான்.

"ஒம் பெட்டிக்குள்ளயா கொட்டப் போறேன்?" மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குகளில் ஐஸை அடைத்து, அறையின் அந்தக் கோடியில் வரிசையாக வைத்தேன். அதற்கு முன்னால் மேசை விசிறி. தூக்குகளின் வெளிப்பக்கம் வியர்த்து வடிகிறபோதெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துக் குசினியில் பிழிந்தேன். நம்பர் மஞ்சளானது. மஞ்சளிலேயே நின்றது. கொஞ்சம் கழித்து, "அந்த ரெண்டாவது தூக்குல தீந்துட்டு," என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நாங்கள் மேசை முன்னாலேயே இருந்தோம். திரையில் ஒரு பட்டை மெல்ல மெல்ல வலது பக்கம் நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. கண்ணை எடுத்தால் நகரும். பக்கத்து வீட்டில் மிக்சி போட்டார்கள். விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. அவன் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டான். கரண்டு போனால் மெஷினைத் தாங்க வைத்திருந்த பேட்டரி கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. பட்டை நகர்ந்தது.

முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிறகு அதை இன்டர்நெட்டில் அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு பட்டை! அது போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்ததும் அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். கம்பெனி மூடுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

பதில் சனிக்கிழமை காலையில் வந்தது. அவன் படித்தான். மறுபடி மேலேயிருந்து படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"பொகை ரெண்டு எடத்துல ரொம்ப அடர்த்தியா இருக்காம். திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள திருத்தி அனுப்பணுமாம்."

"அப்பம் வேண்டாம்னு சொல்லுதாவளா?"

"யம்மா, வேண்டாம்னா எதுக்குத் திருத்தச் சொல்லப் போறாவ? அடுத்த படத்துக்கு உண்டானதையும் இதோட அனுப்பியிருக்காவ. ரெண்டையும் நாந்தான் செய்யணுமாம்." சொல்லிக்கொண்டே வாக்கரைத் தள்ளிவிட்டு நாற்காலியை மேசைக்கு இழுத்தான். மெஷினின் சத்தம் மேலேறியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோயில் முற்றத்தில், என்னோடு ஏலத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள், மவன் ஏன் வரல, ஒடம்புக்கு முடியலையா என்று.

"அவனுக்கு வேல இருக்கு," என்றேன்.

அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.